கலக்காமல் வைத்தது

நான் ஆய்வு மாணவியாகச் சேர்ந்தபோது எங்கள் லேபில் நான்கு ஸ்டிரர்கள் இருந்தன. மேலே சூடாகும் தட்டு, அதற்குக் கீழே மோட்டாரோடு சேர்ந்து சுற்றும் ஒரு காந்தம். தட்டின் மேல் பீக்கரை வைத்து உள்ளே சின்னதாக ஒரு வெள்ளைக் குச்சியைப் போட்டால், அது காந்தத்தோடு சேர்ந்து சுற்றித் திரவத்தைக் கலக்கும். நான்கில் மூன்று வேலை செய்தன. நான்காவதில் தட்டு சூடாகும், ஆனால் கலக்காது. மோட்டார் எரிந்துபோயிருந்தது. நல்ல மூன்றும் எப்போதும் சீனியர்கள் பெயரில் இருந்ததால் கடைசியாக வந்த எனக்கு அந்த நான்காவதைத் தள்ளினார்கள். அதை எல்லோரும் 'டெட்' என்று சொல்வோம். வேறு யாரும் கேட்காததால் ஐந்து வருடமும் அது என்னிடமே இருந்தது.

என் வேலை நிக்கல் துகள்கள் செய்வது. பார்ப்பதற்குக் கரித்தூள் போல இருக்கும். ஒரு தலைமுடியின் குறுக்கே இருபது முப்பது துகள்களை வரிசையாக வைக்கலாம், அவ்வளவு சிறியவை. காந்தத்தை நீட்டினால் மொத்தமும் ஓடி வந்து ஒட்டிக்கொள்ளும். இந்தத் துகள் உருண்டையாக இருந்தால் ஒரு குணம், முள்முள்ளாக இருந்தால் வேறு குணம். முள் உள்ளவை ரேடார் அலைகளை நன்றாக விழுங்கும் என்பதால் அந்த வடிவத்துக்குப் பெரிய கிராக்கி. ஆனால் இவ்வளவு சின்னப் பொருளை யாரும் செதுக்கி முள் வைக்க முடியாது. எந்த மருந்தை எவ்வளவு விடுகிறோம், எவ்வளவு சூட்டில் வைக்கிறோம், எவ்வளவு நேரம் விடுகிறோம் என்பதுதான் நம் கையில் இருக்கிறது. மீதியைத் துகளே முடிவு செய்துகொள்ளும்.

பச்சையாக இருக்கும் நிக்கல் கரைசலில் ஒரு பாலிமரைக் கரைப்பேன். அந்தப் பாலிமர் துகளின் மேல் படிந்து எந்தப் பக்கம் வளரலாம், எந்தப் பக்கம் கூடாது என்று தடுக்கும் என்பது எங்கள் கணக்கு. பிறகு ஹைட்ரசின் விடுவேன். அது விஷம். புகையை உறிஞ்சி வெளியேற்றும் ஃபியூம் ஹூட்டுக்குள் வைத்துத்தான் தொட வேண்டும், தவறி முகர்ந்துவிட்டால் மூக்கு எரியும். பச்சை நீலமாகி, நீலம் ஊதாவாகும். காரத்தைச் சேர்த்துச் சூடாக்கினால் நுரை வரும். பிறகு சாம்பல் நிறம். பிறகு பார்த்துக்கொண்டிருக்கும்போதே மொத்தமும் கறுத்துவிடும். கண்ணாடிக் குச்சியால் ஆரம்பத்தில் ஒருமுறை கலக்கிவிட்டு, பீக்கரை டெட் மேல் வைத்துவிட்டுப் போய்விடுவேன். நோட்டில் மற்ற அளவுகளோடு 'கலக்காமல் வைத்தது' என்று எழுதுவேன்.

இரண்டு வருடம் உருண்டைதான் வந்தது. ஒரு நாள் பாலிமரை வழக்கத்தில் கால் பங்காகக் குறைத்துப் பார்த்தேன். எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்பை இயக்குபவருக்கு எங்கள் லேபைக் கண்டாலே ஆகாது. காந்தத் துகள் கிளம்பிப்போய்க் கருவியின் உள்ளே ஒட்டிக்கொண்டால் அவர்தான் பதில் சொல்ல வேண்டும். அவர் ரிச்சர்ட்ஸ் டவுன்காரர், மூன்று தலைமுறையாக அந்தக் கன்னட ஊரிலேயே இருக்கும் தமிழ்க் குடும்பம், தமிழில்தான் என்னைத் திட்டுவார். அன்றும் முணுமுணுத்துக்கொண்டே கண்ணுக்குத் தெரியாத அளவு தூளை ஒட்டி, காற்றடித்து ஊதி, உள்ளே தள்ளினார். திரையில் படம் தெளிந்ததும் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார்.

"இன்னாம்மா இது, ஊமத்தங்காய் மாதிரி?" என்றார்.

ஊமத்தங்காயேதான். உடம்பு முழுக்க முள். அதுவும் தனித்தனியாக இல்லை, ஒன்றோடொன்று கோத்து வரிசை வரிசையாக நின்றன. அடுத்த மாதங்களில் அதை எத்தனையோ தடவை திரும்பச் செய்தேன். பாலிமரைக் கூட்டினால் உருண்டை, குறைத்தால் ஊமத்தங்காய். ஒரு தடவைகூடத் தப்பவில்லை. பாலிமரின் அளவே வடிவத்தைத் தீர்மானிக்கிறது என்று நானும் என் கைடும் எழுதினோம். கட்டுரை நல்ல இதழில் வந்தது, அட்டையில் என் படத்தைப் போட்டார்கள். அதைக்கொண்டே எனக்கு டாக்டர் பட்டம் கிடைத்தது.

எங்கள் வீடு சிவாஜிநகர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், துணிக்கடைகளுக்கு இடையில் இருக்கும் ஒரு சந்தில். அம்மா ஒரு பள்ளிக்கூடத்தில் ஆயாவாக இருந்தார். மகள் டாக்டர் என்று அவர் சொன்னதை நம்பித் தெருவில் இருப்பவர்கள் முதுகுவலிக்கு மாத்திரை கேட்டு வந்தார்கள். அம்மா அவர்களை உட்காரவைத்து, இது வேற டாக்டர் என்று பொறுமையாக விளக்குவார். விளக்குவதற்காகவே யாராவது வந்து கேட்கட்டும் என்று காத்திருந்தார் என்றும் சொல்லலாம்.

பட்டம் வாங்கிய கையோடு ஹெப்பகோடியில், உலோகப் பூச்சுக்கான ரசாயனங்கள் செய்யும் ஒரு கம்பெனியில் வேலை கிடைத்தது. லேப் புதுக் கட்டிடத்துக்கு மாறியது. மாறும்போது பழைய சாமான்களைக் கழித்துக்கட்டினார்கள். டெட்டும் அதில் போய்விட்டது.

அதற்குப் பிறகுதான் ஒரு பெண் அந்த லேபில் புது ஆய்வு மாணவியாக வந்து சேர்ந்தாள். செய்யாறு பக்கம் ஊர். அவளுக்குக் கொடுத்த வேலை என் ஊமத்தங்காயை நிறைய அளவில் செய்து, அதன் மேல் கண்ணாடிப் பூச்சு கொடுத்து, ரேடார் அலையில் சோதிப்பது. முதல் வாரத்திலேயே எனக்கு போன் செய்தாள். "அக்கா, உங்க பேப்பர அப்படியே பண்றேன், உருண்டைதான் வருது" என்றாள். எல்லோருக்கும் முதலில் அப்படித்தான் என்றேன்.

ஒரு வருடம் போயிற்று. உருண்டைதான். ஹைட்ரசின் பழசாக இருக்கலாம் என்றேன். மாற்றினாள். தண்ணீரை இரண்டு முறை வடித்து எடு என்றேன். எடுத்தாள். சனிக்கிழமைகளில் எனக்குப் படம் அனுப்புவாள், அழகான ஒரே அளவு உருண்டைகள். வேறு யாராவது அவ்வளவு சீரான உருண்டை செய்திருந்தால் அதற்கே கட்டுரை எழுதியிருப்பார்கள். அவள் அவற்றைத் தோல்வி என்று தேதி போட்டு அடுக்கிவைத்தாள். ஒருமுறை நானே நேரில் போய், என் கையாலேயே, கலக்க வேண்டாம் என்பதால் அவள் எப்போதும் வைக்கும், சூடு மட்டும் தரும் வெறும் ஹாட் பிளேட்டில் வைத்துச் செய்தேன். எனக்கும் உருண்டை. இரண்டு வருடம் பழக்கம் விட்டுப்போனதால் என்று நான் சிரித்துச் சமாளித்தேன். அவளும் மரியாதைக்குச் சிரித்தாள்.

ஆயுத பூஜைக்கு முந்தின வாரம் எங்கள் கம்பெனியில் ஒட்டடை அடித்து, கெட்டுப்போன கருவிகளை எல்லாம் ஒருபக்கமாக எடுத்துவைத்தார்கள். அதில் ஒரு ஸ்டிரர். கிருஷ்ணகிரிக்காரரான எங்கள் எலக்ட்ரீஷியன் அதை என் மேஜைக்குப் பக்கத்தில் கவிழ்த்துவைத்துப் பின்மூடியைக் கழற்றினார். கழற்றிய திருகுகளை அவர் தேடிக்கொண்டிருந்தார். அவை உள்ளே போய் விரல் நீளக் கட்டை ஒன்றில் ஒட்டிக்கொண்டிருந்தன.

"மோட்டாருதான் மேடம் சுட்டுப்போச்சு. காந்தம் நல்லாத்தான் இருக்குது. அதுக்கு கரண்ட்டா வேணும்?" என்றார்.

நான் அந்தத் திருகுகளையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஸ்டிரருக்குள் காந்தம் இருப்பது எனக்குத் தெரியாததா? லேபில் யாருக்குத்தான் தெரியாது? கலக்காத ஒன்றை டெட் என்று சொல்லிச் சொல்லி, அதற்குள் எதுவுமே இல்லை என்று நினைத்துக்கொண்டோம். ஐந்து வருடமும் என் பீக்கருக்கு இரண்டு விரல் கீழே ஒரு காந்தம் அசையாமல் கிடந்திருக்கிறது. பிறக்கும்போதே இழுபட்ட துகள்கள் அதன் திசையில் நீண்டு, முள்ளாகி, ஒன்றையொன்று பற்றிக்கொண்டிருக்கின்றன. பாலிமர் அதிகமாக இருந்தபோது அது தடுத்துவிட்டது. குறைத்தபோது தடுக்கவில்லை. பாலிமர் பாதிதான். மீதிப் பாதியை லேபுக்கு வந்த பழைய சாமான்காரர் எடைக்கு எடுத்துப்போயிருந்தார்.

வேண்டிய மருந்துகள் எங்கள் கம்பெனியிலேயே இருந்தன. அந்த ஸ்டிரரைத் திரும்ப மூடித்தரச் சொல்லி அதன் மேல் ஒரு பீக்கர், வெறும் ஹாட் பிளேட் மேல் ஒரு பீக்கர் வைத்தேன். இரண்டும் ஒரே நேரத்தில் கறுத்தன. ஆறியதும் ஹாட் பிளேட் மேல் இருந்ததில் சேறு படிந்திருந்தது. மற்றதில் சலூன் தரையில் கிடக்கும் முடி போலக் கற்றை கற்றையாகக் கிடந்தது. எலக்ட்ரான் மைக்ராஸ்கோப் தேவைப்படவில்லை.

அன்றே கைடுக்குப் போன் செய்தேன். முதலில் சிரித்தார். அதன் பிறகு அவர் பேசியது மிகவும் நிதானமான பேச்சு. கலக்கவில்லை என்றுதானே கட்டுரையில் எழுதினோம், அதில் பொய் ஏதும் இல்லையே என்றார். புதிதாகக் கேட்டிருக்கும் புராஜெக்ட் இந்தத் துகளை நம்பித்தான் இருக்கிறது, அதைப் பரிசீலிப்பவர்கள் முடிவு சொல்லும்வரை இது வெளியே போகக் கூடாது என்றார். அந்தப் பெண்ணிடம் தானே பக்குவமாகச் சொல்லிக்கொள்வதாகவும் சொன்னார். "ஈக பிட்பிடு" என்று கன்னடத்தில் முடித்தார். இப்போதைக்கு விட்டுவிடு என்று.

விட்டுவிட்டேன். சொல்ல வேண்டியவரிடம் சொல்லியாயிற்று என்று எனக்கு நிம்மதியாகக்கூட இருந்தது. நான் நேர்மையாக நடந்துகொண்டதாக அந்த வாரம் முழுக்க என்னைப் பற்றி எனக்கு நல்ல எண்ணம்.

அவர் அவளிடம் சொல்லவில்லை. அது எனக்குத் தெரியும், ஏனென்றால் சனிக்கிழமைகளில் படங்கள் வருவது நிற்கவில்லை. கார்த்திகை மாதத்தில் ஒரு நாள், "பாலிமர் வேற கம்பெனிது வாங்கிப் பாக்கட்டுமாக்கா?" என்று கேட்டு அனுப்பியிருந்தாள். நான் ஹெப்பகோடி பஸ் நிறுத்தத்தில் நின்றிருந்தேன். வெகுநேரம் அந்தக் கேள்வியைப் பார்த்தேன். "பாரு" என்று பதில் அனுப்பினேன். ஒரு சொல்தான்.

பொங்கல் கழிந்து அவளுடைய ஆய்வு எந்த அளவில் இருக்கிறது என்று பார்க்கும் வருடாந்திரக் கமிட்டி. என்ன நடந்தது என்பதைப் பிறகு அவளே சொன்னாள். கமிட்டியில் ஒருவர், உனக்கு எடை போடத் தெரியுமா என்று கேட்டிருக்கிறார். இன்னொருவர், சுத்தமில்லாத கை என்றால் எந்த வேதியியலும் வராது என்றிருக்கிறார். அட்டைப்படத்தில் வந்த ஒன்றை இரண்டு வருடமாக ஒருத்தியால் செய்ய முடியவில்லை என்றால் கோளாறு அட்டைப்படத்தில் இருக்க முடியாதே. என் கைடு பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து பேனாவைத் திறந்து மூடிக்கொண்டிருந்தாராம். வாயைத் திறக்கவில்லை. இன்னும் ஆறு மாதம் பார்க்கலாம் என்று கமிட்டி சொன்னது. அவள் பார்க்கவில்லை. பத்து நாளில் விடுதியைக் காலி செய்துவிட்டாள்.

அவளுக்கு வேலை நான் இருக்கும் பக்கமே அமைந்தது, எங்கள் கம்பெனிக்கு இரண்டு நிறுத்தம் தள்ளி ஒரு மாத்திரைக் கம்பெனியில், தரம் சோதிக்கும் பிரிவில். அங்கே எடை போடுவதுதான் அவள் வேலை.

புராஜெக்ட் கிடைத்தது. அடுத்த வருடமே கைடிடமிருந்து ஒரு மெயில். காந்தப்புலத்தில் நிக்கல் துகள் வளர்ப்பதைப் பற்றிப் புதுக் கட்டுரை. முதல் பெயர் புதிதாகச் சேர்ந்த ஒரு மாணவருடையது, இரண்டாவது என்னுடையது. சம்மதம் என்று ஒரு பொத்தானை அழுத்த வேண்டும். கடைசியில் இணைத்திருந்த பக்கங்களைப் புரட்டினேன். காந்தம் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்குச் சான்றாகப் பன்னிரண்டு படங்கள். ஒரே அளவு உருண்டைகள். எல்லாம் எனக்குச் சனிக்கிழமைகளில் வந்தவை. அவளுடைய இரண்டு வருடத் தோல்வியும் அங்கே மிக நேர்த்தியான சான்றாகியிருந்தது. அவள் பெயர் நன்றி சொல்லும் வரியில், மைக்ராஸ்கோப் இயக்கியவரின் பெயருக்கு அடுத்து இருந்தது.

கைடுக்குப் போன் செய்து அவள் பெயரை ஆசிரியர்களோடு சேர்க்கச் சொன்னேன். பாதியில் விட்டுப்போனவள், எதையும் எழுதித் தரவில்லை, நன்றி சொல்லியிருக்கிறோமே என்றார். அப்படியானால் என் பெயரை எடுத்துவிடுங்கள் என்று நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. தயங்கினேன் என்று எழுத ஆசைதான். இரண்டு நாள் கழித்துத்தான் பொத்தானை அழுத்தினேன். ஆனால் அந்த இரண்டு நாளும் கம்பெனியில் தணிக்கை நடந்துகொண்டிருந்தது, அதனால்தான்.

அழுத்திய பிறகு ஒரு வேலையும் ஓடவில்லை. வாரக் கடைசியில் அவளுக்குப் போன் செய்து பார்க்க வேண்டும் என்றேன். ஹெப்பகோடியில் அவள் ஷிப்ட் முடிந்து இறங்கும் நிறுத்தத்துக்கு எதிரே ஒரு பேக்கரி இருக்கிறது. வாசலில் நின்றுகொண்டே டீ குடித்தோம். கமிட்டியில் நடந்ததை அவள் என்னிடம் சொன்னது அப்போதுதான். நான் கேட்டதால் சொன்னாள், குறையாகச் சொல்லவில்லை. அதற்குப் பிறகு நான் காந்தத்தைப் பற்றிச் சொன்னேன். அவளுக்கு விளக்கத் தேவையே இருக்கவில்லை. டெட் என்று ஆரம்பித்ததுமே புரிந்துகொண்டாள். டம்ளரை மெதுவாகக் கீழே வைத்தாள்.

"எப்பக்கா தெரியும்?"

"ஆயுத பூஜைக்கு முன்னாடி. நீ இருந்தப்பவே."

"கமிட்டி பொங்கலுக்கு அப்பறம்."

"ஆமா."

"பாலிமர் மாத்தட்டுமான்னு கேட்டேனே. அது?"

"அதுவும் தெரிஞ்ச அப்பறம்தான்."

அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கம்பெனி பஸ்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் திரும்பிக்கொண்டிருந்தன. கைடிடம் அன்றே சொன்னேன், அவர் உன்னிடம் சொல்வதாகச் சொன்னார் என்று நான் விவரிக்கத் தொடங்கினேன். அதை அவள் கேட்டதாகத் தெரியவில்லை.

"எங்கப்பாகிட்ட சொல்லியிருக்கேன்க்கா, எனக்கு அந்த வேலைக்கு கை வரலப்பா, அதான் வந்துட்டேன்னு. அவரும் சரி வுடுன்னுட்டாரு. இப்ப போயி இன்னான்னு மாத்திச் சொல்றது?"

புதுக் கட்டுரையைப் பற்றியும் சொன்னேன், அவளுடைய படங்களைப் பற்றியும் சொன்னேன். பழைய கட்டுரை தவறு என்று இதழுக்கு நான் எழுதுகிறேன், அவள்தான் அதைக் கண்டுபிடிக்க வழி செய்தவள் என்றும் எழுதுகிறேன் என்றேன். அவள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

"நீங்க இன்னா வேணா எழுதுங்க. அந்த நன்றியில என் பேரு இருக்குதுன்னீங்களே, அத மட்டும் எடுக்கச் சொல்லுங்க" என்றாள்.

அது ஒன்றுதான் அவள் என்னிடம் கேட்டது. கைடுக்கு அன்றே எழுதினேன். கடைசித் திருத்தம் முடிந்து அச்சுக்குப் போய்விட்டது என்று பதில் வந்தது. கட்டுரை வெளியானபோது அவள் பெயர் அங்கேயே இருந்தது. ஓர் எழுத்துப் பிழையோடு.

இதழுக்கும் எழுதினேன். பழைய கட்டுரையில் திருத்தம் போட வேண்டுமானால் எழுதிய எல்லோருடைய ஒப்புதலும் வேண்டும் என்றார்கள். கைடு ஒப்புதல் தரவில்லை, மறுக்கவும் இல்லை, பதிலே எழுதவில்லை. இதழிலிருந்து இரண்டு முறை நினைவூட்டினார்கள். பிறகு அவர்களும் விட்டுவிட்டார்கள். நான் தொடர்ந்து குடைந்திருக்கலாம். அந்த வருடம் எனக்குப் பதவி உயர்வு வந்தது, கீழே ஆறு பேர் வந்தார்கள், வேலை அதிகமாகிவிட்டது என்று யாராவது கேட்டால் சொல்வேன். யாரும் கேட்கவில்லை.

அவளை எப்போதாவது ஹெப்பகோடியில் பார்க்கிறேன். ஒருமுறை மருந்துக்கடையில் எனக்கு முன்னால் நின்றிருந்தாள். திரும்பி, என்னைப் பார்த்து, தலையை லேசாக அசைத்துவிட்டுப் போனாள். சண்டை போட்டிருந்தால் நானும் ஏதாவது சொல்லியிருப்பேன்.

பழைய கட்டுரை இன்னும் அப்படியே இருக்கிறது, அட்டைப்படத்தோடு. அதைப் பார்த்துச் செய்து, உருண்டை மட்டுமே வந்து, கண்டுபிடிக்க முடியாமல் தவிக்கும் மாணவர்கள் மாதத்துக்கு ஒருவராவது எனக்கு மெயில் அனுப்புகிறார்கள். சேலத்திலிருந்து ஒருத்தி எழுதினாள், போலந்திலிருந்து ஒருவன் எழுதினான். பீக்கருக்கு அடியில் ஒரு காந்தத்தை வையுங்கள் என்று அன்றைக்கே பதில் எழுதிவிடுகிறேன். ஐந்து நிமிடம்கூட ஆவதில்லை. மறுநாளோ அதற்கு மறுநாளோ முள்முள்ளான படத்தை இணைத்து, மிகவும் நன்றி மேடம் என்று பதில் வரும்.